சி டிரைவ் சிவப்பு: வேலியைத் தள்ளமுன் வளவைக் கூட்டுங்கள்

கிளிநொச்சி, மல்லாவி, புதுக்குடியிருப்பு என்று வன்னியின் எந்த ரவுணிலும் கணினி திருத்தும் கடையொன்றில் அரை மணித்தியாலம் நின்றால் இந்த முறைப்பாடு காதில் விழும்: "சி டிரைவ் ஃபுல் எண்டு காட்டுது, டியில 300 ஜீபி சும்மா கிடக்குது." பதிலும் அநேகமாக ஒன்றுதான்: "போமட் அடிப்பம்." போமட் அடித்தால், அதாவது சியை அழித்து விண்டோஸைப் புதிதாகப் போட்டால், இடம் முடிவதைக் காட்டும் சிவப்புக் கோடு நீலமாகும்தான். ஆனால் சியை நிரப்பிய பழக்கமும் மாறவில்லை, அதன் அளவும் மாறவில்லை. ஆறு மாதத்தில் அதே மெஷின் அதே மேசைக்கு வரும்.

இந்தக் கேள்வி இப்போது கூடியிருப்பதற்கு ஒரு காரணம் உண்டு. விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவை மைக்ரோசொஃப்ட் 2025 ஒக்டோபர் 14உடன் நிறுத்தியது. விண்டோஸ் 11க்கு மாறப் போனவர்கள் பலர் "இடம் போதாது" என்ற செய்தியில் முட்டி நிற்கிறார்கள். லண்டனிலிருந்தோ கனடாவிலிருந்தோ சொந்தக்காரர் கொண்டுவந்து கொடுத்த, 128 ஜீபி எஸ்எஸ்டி போட்ட லப்டொப்புகளில் இது இன்னும் சீக்கிரம் வரும்.

டிஸ்க் ஒன்று, டிரைவ் இரண்டு

கணினிக்குள் பெரும்பாலும் இருப்பது ஒரேயொரு டிஸ்க்தான். பழைய மெஷின் என்றால் சுழலும் ஹாட் டிஸ்க், புதிது என்றால் சுழலாத எஸ்எஸ்டி. அந்த ஒற்றைக் காணிக்குள் வேலி போட்டுப் பிரித்த வளவுகள்தான் சி, டி, ஈ எல்லாம். இப்படிப் பிரித்த ஒவ்வொரு பகுதிக்கும் பெயர் பார்ட்டிஷன். ஏ, பி என்ற எழுத்துகள் ஃப்ளொப்பிக் காலத்தில் ஒதுக்கப்பட்டுவிட்டதால் கணக்கு சியில் தொடங்குகிறது.

ஏன் பிரிக்கிறார்கள்? காரணம் நியாயமானதுதான். விண்டோஸ் பழுதானால் சியை மட்டும் அழித்துப் புதிதாகப் போடலாம். டியில் இருக்கும் படமும் பாட்டும் தப்பிவிடும். பிழை பிரிப்பதில் இல்லை, வேலியை எங்கே போட்டார்கள் என்பதில் இருக்கிறது. விண்டோஸ் எக்ஸ்பிக்கு 1.5 ஜீபி போதும் என்று மைக்ரோசொஃப்ட் சொன்ன காலம் ஒன்று இருந்தது. 64 பிட் விண்டோஸ் 7 குறைந்தது 20 ஜீபி கேட்டது. விண்டோஸ் 11 கேட்பது 64 ஜீபி. அளந்து கொடுக்கும் கை மட்டும் பழைய அளவிலேயே நின்றுவிட்டது: சிக்கு 60, தாராள மனம் இருந்தால் 80, மிச்சமெல்லாம் டிக்கு.

மேலே போகமுன் இரண்டு குழப்பங்களைத் தீர்த்துக்கொள்வோம்.

1. 256 ஜீபி என்று வாங்கிய டிஸ்க் 238 என்று காட்டினால் கடைக்காரர் ஏமாற்றவில்லை. டிஸ்க் செய்யும் நிறுவனங்கள் ஒரு ஜீபியை நூறு கோடி பைட் என்று எண்ணுகின்றன. விண்டோஸ் 1024ஐ மூன்று தடவை பெருக்கி எண்ணுகிறது. அது 107 கோடியைத் தாண்டும். அதனால் 500 ஜீபி 465 ஆகவும், 1000 ஜீபி 931 ஆகவும் தெரியும்.

2. டியில் ஒரு பிரதி வைத்திருப்பது பக்கப் ஆகாது. சியும் டியும் ஒரே டிஸ்க். இடியில் அந்த டிஸ்க் எரிந்தால் இரண்டும் சேர்ந்தே போகும். விண்டோஸ் பழுதாவதிலிருந்துதான் டி காப்பாற்றும். டிஸ்க் பழுதாவதிலிருந்து காப்பாற்றாது. இந்த வித்தியாசம் தெரியாமல் கலியாண வீட்டுப் படங்களைத் தொலைத்தவர்கள் நிறையப்பேர்.

நிரம்பினால் என்ன ஆகும்

கோடு சிவப்பாவது பத்து வீதத்துக்கும் குறைவாக இடம் இருக்கும்போது. அதுவரை பெரிதாக எதுவும் தெரியாது. அதற்குப் பிறகு வரும் கோளாறுகளைப் பலர் "வைரஸ்" என்று நினைக்கிறார்கள்.

விண்டோஸ் எப்போதும் சியில் கொஞ்சம் வெறும் நிலம் எதிர்பார்க்கிறது. ரம், அதாவது வேலை நடக்கும்போது கணினி பாவிக்கும் நினைவகம், போதாதபோது தற்காலிகமாக எழுத பேஜ் ஃபைல் என்ற ஒன்றை அங்கேதான் வைத்திருக்கிறது. வேர்டில் ஒரு கடிதத்தைச் சேமிக்கும்போதுகூட முதலில் ஒரு தற்காலிகப் பிரதி எழுதப்படுகிறது. அப்டேட் வந்தால் இறக்கி, விரித்து, பழையதை ஒதுக்கி வைக்க இடம் வேண்டும். இடம் இல்லாவிட்டால் அப்டேட் பாதியில் கைவிடப்பட்டு, அடுத்தநாள் திரும்ப இறங்கத் தொடங்கும். பகல் டேட்டா, இரவு டேட்டா என்று பிரித்துக் கொடுக்கும் பக்கேஜில் இருப்பவருக்கு இது நேரே காசில் விழும் அடி. எஸ்எஸ்டி என்றால் இன்னொன்றும் உண்டு: உள்ளே வெற்றுப் பகுதிகள் குறையக் குறைய எழுதும் வேகம் விழும். நிரம்பிய எஸ்எஸ்டி பழைய ஹாட் டிஸ்க் போல இழுபடுவது அதனால்தான்.

சியை நிரப்புவது எது

அழிக்கமுன் அளக்க வேண்டும். செட்டிங்ஸ், அதற்குள் சிஸ்டம், அதற்குள் ஸ்டோரேஜ் என்று போனால் எது எவ்வளவு பிடித்திருக்கிறது என்று விண்டோஸே பிரித்துக் காட்டும். இன்னும் துல்லியமாகப் பார்க்க விண்டிர்ஸ்டாட் என்ற இலவச மென்பொருள் உண்டு. ஒவ்வொரு கோப்பையும் அதன் பருமனுக்கேற்ற நிறப்பெட்டியாகக் காட்டும். பெரிய பெட்டி எதுவோ அதுதான் கள்ளன்.

ஃபோல்டர்களையெல்லாம் தெரிந்தெடுத்து புரொப்பர்டீஸ் பார்த்தால் 55 ஜீபி, டிரைவ் மட்டும் 78 என்கிறதே என்று கேட்பவர்கள் உண்டு. இடைவெளியில் இருப்பவை மறைந்திருக்கும் கோப்புகள். அவற்றையும் சேர்த்து, அடிக்கடி அகப்படும் ஆட்கள் இவர்கள்:

1. டெஸ்க்டொப். முதல் இடம் இதற்குத்தான். டெஸ்க்டொப் என்பது சிக்கு வெளியே, திரைக் கண்ணாடிக்குப் பக்கத்தில் எங்கோ இருக்கும் இடம் என்று பலர் நினைக்கிறார்கள். அது சிக்குள் உங்கள் பெயரில் இருக்கும் ஒரு ஃபோல்டர், அவ்வளவுதான். டவுன்லோட்ஸ், டொகியுமென்ட்ஸ், பிக்சர்ஸ், வீடியோஸ் எல்லாமே அப்படித்தான். ஏ.எல் பிள்ளையின் லப்டொப்பில் கடந்தகால வினாத்தாள் ஒவ்வொன்றும் மூன்று தடவை இறங்கி, அடைப்புக்குறிக்குள் ஒன்று, இரண்டு என்று எண் போட்டுக் கிடக்கும். வினாத்தாள் சின்னது. அதற்குப் பக்கத்தில் கிடக்கும் சூம் வகுப்பு வீடியோக்கள் அப்படியல்ல.

2. விண்டோஸ் ஓல்ட். பெரிய பதிப்பு மாற்றம் ஒன்று நடந்தால் பழைய விண்டோஸை முழுதாக ஒரு ஃபோல்டரில் கட்டி வைத்துவிடும், பிடிக்காவிட்டால் திரும்பிப் போகலாம் என்பதற்காக. 15, 20 ஜீபி சர்வசாதாரணம். 10 நாளில் தானாக அழியும். அவசரமென்றால் நீங்களே அழிக்கலாம், ஆனால் திரும்பிப் போகும் வழி அத்தோடு மூடிவிடும்.

3. ஹைபர்னேஷன் கோப்பு. மெஷினைத் தூங்க வைக்கும்போது ரம்மில் இருப்பதை எழுதி வைக்க ஒதுக்கிய இடம். விண்டோஸ் 10இல் இது வழமையாக ரம்மின் 40 வீதம்: 8 ஜீபி ரம் என்றால் 3 ஜீபிக்கு மேல், 16 என்றால் 6க்கு மேல். கையால் அழிக்க விடாது. ஹைபர்னேஷனை நிறுத்தினால் தானாகப் போய்விடும். அது ஒற்றை வரிக் கட்டளை, கடைத் தம்பிக்கு அரை நிமிட வேலை. டெஸ்க்டொப் கணினியில் நிறுத்தலாம், மெஷின் எழும்ப மட்டும் கொஞ்சம் கூட நேரமெடுக்கும். கரண்ட் அடிக்கடி போகும் இடத்தில் லப்டொப் வைத்திருப்பவர் விட்டுவைப்பதுதான் நல்லது. பற்றரி முடியும் தறுவாயில் உங்கள் வேலையைக் காப்பாற்றுவது அதுதான்.

4. எடிட்டிங் மென்பொருள்களின் எச்சம். சாமத்திய வீடு, கலியாணவீடு என்று அல்பம் அடிக்கும் ஸ்டூடியோக்களின் கதை இது. படங்களை ஒழுங்காக டியில் வைத்திருப்பார்கள், ஆனாலும் சி நிரம்பும். ஃபோட்டோஷொப் வேலை செய்யும்போது ஸ்கிராட்ச் டிஸ்க் என்று பெரிய தற்காலிகக் கோப்பை எழுதுகிறது; சொல்லாவிட்டால் அது சியில்தான். நாற்பது பக்க அல்பம் திறந்திருக்கும்போது "ஸ்கிராட்ச் டிஸ்க் ஃபுல்" என்று நிற்பதன் அர்த்தம் இதுதான். வீடியோ வெட்டும் பிரீமியர் இதைவிட மோசம். வெட்டி ஒட்டிய ஒவ்வொரு வீடியோவுக்கும் மீடியா கேஷ் என்ற துணைக்கோப்புகளைச் செய்து, சிக்குள் மறைந்திருக்கும் ஆப்டேட்டா ஃபோல்டரில் போட்டுக்கொண்டே போகும். அல்பத்தைக் கொடுத்து, காசும் வாங்கி, வாடிக்கையாளர் அதை மறந்த பிறகும் அந்தக் கோப்புகள் அங்கேயே கிடக்கும். இரண்டு மென்பொருளிலும் பிரிஃபரன்சஸ் பகுதியில் இடத்தை டிக்கு மாற்றலாம். ஒரு தடவை செய்தால் போதும்.

5. தொலைபேசிப் பக்கப். ஐஃபோனை ஐடியூன்ஸில் கொழுவிப் பக்கப் எடுத்தால் அதுவும் சிக்குள்தான் விழும். பல பத்து ஜீபிகூட இருக்கும். விற்றுவிட்ட போனின் பக்கப்பும் அதற்குள் உறங்கும்.

6. றீசைக்கிள் பின். ஒவ்வொரு டிரைவுக்கும் தனித்தனித் தொட்டி. சியில் அழித்தது சியின் தொட்டியில்தான் கிடக்கும். அதை வெறுமையாக்கும்வரை ஒரு பைட்கூட விடுபடாது. "நேற்று 10 ஜீபி அழிச்சனான், அப்படியே நிக்குது" என்பவருக்கு விடை இது.

இந்தப் பட்டியலுக்கு வெளியே எதையும் தேட வேண்டாம். பத்தில் ஒன்பது மெஷின்களில் இந்த ஆறுக்குள்தான் விடை இருக்கும்.

கூட்டுவது

ஸ்டோரேஜ் பக்கத்தில் டெம்பரரி ஃபைல்ஸ் என்று ஒரு பகுதி உண்டு. திறந்தால் அழிக்கக்கூடியவற்றின் பட்டியல் வரும். பழைய அப்டேட் எச்சம், தற்காலிகக் கோப்புகள், விண்டோஸ் ஓல்ட் எல்லாம் அங்கேயே இருக்கும். பயமில்லாமல் டிக் பண்ணலாம், ஒன்றைத் தவிர. அந்தப் பட்டியலில் டவுன்லோட்ஸ் ஃபோல்டரும் இருக்கிறது. அது குப்பையல்ல, உங்கள் கோப்புகள். பழைய டிஸ்க் கிளீனப் மென்பொருளிலும் 2018இன் பிற்பகுதியில் டவுன்லோட்ஸைச் சேர்த்தார்கள். வழக்கம்போல எல்லாவற்றிலும் டிக் போட்டவர்கள் சுத்தமாக இழந்தார்கள். பிறகு அங்கிருந்து எடுத்துவிட்டார்கள், ஸ்டோரேஜ் பக்கத்தில் இன்னும் இருக்கிறது.

விண்டோஸ் ஃபோல்டருக்குள் வின்எஸ்எக்ஸ்எஸ் என்று ஒன்று 10 ஜீபிக்கு மேல் காட்டும். அதை உள்ளே போய்க் கையால் அழிக்கவே வேண்டாம். விண்டோஸின் உறுப்புகள் வைக்கப்பட்ட இடம் அது. காட்டும் அளவும் மெய்யான அளவல்ல. ஒரே கோப்பு இரண்டு பெயரில் இரண்டு இடத்தில் தெரிவதால் இரண்டு தடவை எண்ணப்படுகிறது.

"ஒரே கிளிக்கில் சுத்தம்" என்று வரும் கிளீனர்களைப் பற்றி என் அபிப்பிராயம்: தேவையில்லை. விண்டோஸ் தன் அமைப்புகளை எழுதி வைக்கும் ரெஜிஸ்ட்ரியைத் துடைத்தேன், 1400 பிழை கண்டுபிடித்தேன் என்று பயமுறுத்தும். ரெஜிஸ்ட்ரி முழுவதையும் சேர்த்தாலும் ஒரு வீடியோ அளவு வராது. கிரக் பண்ணிய கிளீனர் என்றால் இடத்தைத் திருப்பித் தருவதற்குப் பதில் இன்னொரு ஆளைக் குடியமர்த்திவிட்டுப் போகும்.

எஸ்எஸ்டியில் ஒரு எச்சரிக்கை. ஹாட் டிஸ்க்கில் தவறுதலாக அழித்ததை மீட்டெடுக்க ஓரளவு வாய்ப்பிருக்கிறது. எஸ்எஸ்டியில் ட்ரிம் என்ற செயற்பாடு அழித்த இடத்தை உடனேயே துப்புரவாக்கச் சொல்வதால் அந்த வாய்ப்பு மிகக் குறைவு. தொட்டியை வெறுமையாக்கமுன் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

இடம் மாற்றுவது

டி சும்மா கிடக்கிறது என்றால் சியில் இருப்பதை அங்கே கொண்டுபோகலாமே? கொண்டுபோகலாம். ஆனால் கோப்பை மட்டும் இழுத்துப் போட்டால் நாளைக்குத் திரும்ப நிரம்பும். ஃபோல்டரின் முகவரியையே மாற்ற வேண்டும்.

1. டியில் முதலில் ஒரு ஃபோல்டர் செய்யுங்கள், டவுன்லோட்ஸ் என்ற பெயரிலேயே.

2. சியில் இருக்கும் டவுன்லோட்ஸில் வலது கிளிக், புரொப்பர்டீஸ், லொக்கேஷன் தட்டு, மூவ். புதிதாகச் செய்த ஃபோல்டரைக் காட்டுங்கள். பழைய கோப்புகளையும் கொண்டுபோகவா என்று கேட்கும். ஓம் என்று கொடுங்கள்.

3. ஃபோல்டர் செய்யாமல் டி டிரைவையே நேரடியாகக் காட்டிவிடாதீர்கள். டி முழுவதும் டவுன்லோட்ஸ் ஆகிவிடும். பிறகு அதைத் திருப்பி எடுப்பது பெரும்பாடு.

டெஸ்க்டொப், டொகியுமென்ட்ஸ், வீடியோஸ் ஆகியவற்றுக்கும் இதே முறைதான். கணினி வழமைபோலவே தோன்றும், கோப்பு மட்டும் டியில் இருக்கும். புரோகிராம் ஃபைல்ஸ் ஃபோல்டரை மட்டும் இப்படி இழுக்க வேண்டாம், மென்பொருள்கள் திறக்காது. பெரிய மென்பொருளை அகற்றிவிட்டு டியில் திரும்ப நிறுவுவதே சரி.

விண்டோஸ் 11க்கு மாறுவதற்காக மட்டும் இடம் தேவைப்படுகிறவர்களுக்கு இன்னொரு வழி: இடம் போதாவிட்டால் வெளியே ஒரு பென் டிரைவையோ டிஸ்க்கையோ கொழுவச் சொல்லி விண்டோஸே கேட்கும். அதைத் தற்காலிகக் களஞ்சியமாக வைத்து மாற்றத்தைச் செய்து முடிக்கும்.

வேலியைத் தள்ளுவது

கூட்டியும் மாற்றியும் போதவில்லை, சி மெய்யாகவே 60 ஜீபிதான் என்றால், வேலியில் கைவைக்க வேண்டும். பலர் தடுக்கி விழுவது இங்கேதான்.

விண்டோஸோடு வரும் டிஸ்க் மனேஜ்மென்ட்டைத் திறந்து, டியைச் சுருக்கி 50 ஜீபி எடுக்கிறீர்கள். கறுப்புப் பட்டையோடு வெற்றிடம் வருகிறது. சியில் வலது கிளிக் பண்ணினால், எக்ஸ்டெண்ட் என்ற சொல் மங்கிக் கிடக்கிறது. 50 ஜீபி கண்முன் இருக்கிறது, சேர்க்க முடியவில்லை. ஏன்?

ஒரு றோட்டோரமாக இரண்டு வளவு என்று வைத்துக்கொள்ளுங்கள். இடப்பக்கம் சி, வலப்பக்கம் டி. டிக்காரர் காணி விட்டுத்தரச் சம்மதிக்கிறார். ஆனால் அவர் விடுவது தன் வளவின் மறுகரையை, சிக்குத் தூரமாக இருக்கும் பக்கத்தை. நடுவில் டியின் வீடும் கிணறும் அப்படியே நிற்கின்றன. சிக்காரர் தன் வேலிக் கதியாலைப் பிடுங்கி எங்கே நடுவார்? சுருக்கும்போது வெற்றிடம் எப்போதும் வலக்கரையில்தான் விழும். நீட்டும்போது வெற்றிடம் சியின் வலப்பக்கத்தில் ஒட்டி இருந்தாக வேண்டும். இரண்டும் சந்திப்பதில்லை. சிக்கும் டிக்கும் நடுவில் றிகவரி என்ற சின்னப் பார்ட்டிஷன் இருந்தாலும் இதே தடைதான். அது விண்டோஸ் பழுதானால் எழுப்புவதற்கு உதவும் பகுதி, யோசிக்காமல் அழிக்கக் கூடாது.

மூன்று வழிகள் உண்டு.

1. டியை முழுதாக வெளியே எடுப்பது. வெளி டிஸ்க் ஒன்றில் எல்லாவற்றையும் பிரதி எடுத்து, பிரதி திறக்கிறதா என்று பார்த்து, டியை அழித்து, சியை நீட்டி, மிச்சத்தில் புது டி செய்து, கோப்புகளைத் திரும்பக் கொண்டுவருவது. நேரமெடுக்கும், ஆனால் நம்பிச் செய்யலாம். பழைய மெஷின்களில் ஒரு பொறி உண்டு. டியை அழித்ததும் கறுப்புக்குப் பதில் இளம்பச்சையில் "ஃப்ரீ ஸ்பேஸ்" என்று வந்தால், அது எக்ஸ்டெண்டட் பார்ட்டிஷன் என்ற வெளிவேலிக்குள் இருக்கிறது. அதற்குள் வேறு டிரைவ் எதுவும் இல்லையென்றால் அந்தப் பச்சையையும் ஒரு தடவை அழித்தால்தான் கறுப்பாகி சியோடு சேரும்.

2. பார்ட்டிஷன் மென்பொருளால் டியை அப்படியே வலப்பக்கம் நகர்த்துவது. வீட்டைப் பெயர்த்துத் தள்ளி வைப்பது போன்ற வேலை. டியில் உள்ளவை எல்லாம் இடம்மாறி எழுதப்படுகின்றன. ஹாட் டிஸ்க் என்றால் மணிக்கணக்கில் போகும். நடுவில் கரண்ட் போனால் டி முழுதும் போகலாம். யூபிஎஸ் இல்லாத டெஸ்க்டொப்பில், அதுவும் மாரி மழையில் இடி இடிக்கும் நாட்களில், இதைத் தொடவே மாட்டேன்.

3. டிஸ்க்கையே மாற்றுவது. 128 ஜீபி மெஷினில் வேலி எங்கே நின்றாலும் காணி சின்னதுதான். பெரிய எஸ்எஸ்டி ஒன்று வாங்கிப் பழையதை அப்படியே குளோன் எடுக்கச் சொல்லலாம்.

எந்த வழியானாலும், டிஸ்க் பிட்லொக்கரால், அதாவது விண்டோஸின் மறைகுறிப் பூட்டால், பூட்டப்பட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். புதிய விண்டோஸ் 11 மெஷின்கள் பலவற்றில் சொல்லாமலே பூட்டப்பட்டிருக்கும். மீட்புச் சாவியான 48 இலக்க எண்ணை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். டைனமிக் டிஸ்க் என்ற வேறு வகைப் பிரிப்பு முறைக்கு மாற்றவா என்று விண்டோஸ் கேட்டால் வேண்டாம் என்று கொடுங்கள். அதிலிருந்து திரும்பி வருவது கரைச்சல்.

புது டி செய்யும்போது எழுத்தும் டி என்றே இருக்க வேண்டும். ஈ என்று வந்துவிட்டால், இடம் மாற்றி வைத்த டவுன்லோட்ஸும் ஃபோட்டோஷொப்பின் ஸ்கிராட்ச்சும் பழைய முகவரியைத் தேடித் திகைக்கும். டிஸ்க் மனேஜ்மென்ட்டிலேயே எழுத்தை மாற்றிக்கொள்ளலாம். கோப்புகள் திரும்ப வந்து சேர்ந்த பிறகும் வெளி டிஸ்க்கில் இருக்கும் பிரதியை ஒரு கிழமைக்காவது அழிக்காமல் வைத்திருங்கள். விடுபட்டது எது என்று அன்றே தெரிவதில்லை.